சீலியாக் உள்ள குழந்தைக்கு எந்த கிராக்கர்ஸ் வாங்கலாம்? கடைத் தட்டை கொடுக்கலாமா?

தாமரை_மதுரை

அனைவருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு வயது. சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிப்பது) என்று ரத்தப் பரிசோதனையிலும் எண்டோஸ்கோப்பியிலும் உறுதியாகி மூன்று வாரம் ஆகிறது. இட்லி, தோசை, சோறு என்று வேளைச் சாப்பாட்டை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம். பள்ளிக்குக் கொண்டுபோகும் ஸ்நாக்ஸ் டப்பாவில்தான் திண்டாட்டம். மொறுமொறுவென்று ஏதாவது வேண்டும் என்கிறாள். இப்போது மேசையில் நான்கு இருக்கின்றன.

முதலாவது, "குளூட்டன் ஃப்ரீ" என்று முன்பக்கம் அச்சிட்ட சோள கிராக்கர்ஸ். சாதாரண பிஸ்கட்டைவிட நாலு மடங்கு விலை.

இரண்டாவது, இறக்குமதியான ரைஸ் கிராக்கர்ஸ். அரிசி, பாம் ஆயில், சோயா சாஸ் தூள், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், உப்பு என்று போட்டிருக்கிறது. குளூட்டன் பற்றி முன்பக்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, ராகி கிராக்கர்ஸ். "மைதா சேர்க்கப்படவில்லை" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பின்னால் இன்னும் சரியாகப் படிக்கவில்லை, எழுத்து அவ்வளவு பொடி.

நான்காவது, தெருக்கோடிப் பலகாரக் கடைத் தட்டை. அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், பெருங்காயம், வேறெதுவும் இல்லை என்கிறார் செய்யும் அம்மா.

எதைக் கொடுக்கலாம்? "கோதுமை இருக்கக்கூடும்" என்று சில பாக்கெட்டில் இருக்கிறதே, அதை எந்த அளவுக்குப் பார்ப்பது? வீட்டில் மற்ற மூன்று பேரும் சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள்.

வளர்மதி_உணவியல்

வணக்கம் தாமரை. பாக்கெட்டின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

ராகி கிராக்கர்ஸை முதலில் ஒதுக்கிவிடலாம். ராகிக்கு மாவைப் பிடித்து நிறுத்தும் பசைத்தன்மை கிடையாது. அதனால் பேக்கரிகளிலும் கம்பெனிகளிலும் ராகி பிஸ்கட் என்றால் பெரும்பாலும் கோதுமை மாவோடு ராகியைக் கலந்துதான் செய்கிறார்கள். பொருட்கள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் பெயரே "கோதுமை மாவு" அல்லது "ஆட்டா" என்று இருக்க நிறைய வாய்ப்புண்டு. "மைதா இல்லை" என்றால் கோதுமை இல்லை என்று அர்த்தமில்லை. மைதா, ஆட்டா, ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாமே கோதுமைதான். "மல்டிகிரெய்ன்", "சத்துமாவு பிஸ்கட்" என்று வருவதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ரைஸ் கிராக்கர்ஸில் உறுத்துவது சோயா சாஸ் தூள். மரபான சோயா சாஸ் சோயாவையும் கோதுமையையும் சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்வது. குளூட்டன் இல்லாத சோயா சாஸும் உண்டு, ஆனால் பாக்கெட் அதைச் சொல்லாதவரை கோதுமை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அதற்கும் மால்ட்டுக்கும் (முளைகட்டிய பார்லி) சம்பந்தமில்லை, அது ஸ்டார்ச்சிலிருந்து எடுப்பது, பிரச்சினையில்லை. பயப்பட வேண்டியது "மால்ட் எக்ஸ்ட்ராக்ட்", "மால்ட் வினிகர்", "பார்லி மால்ட்". கார்ன் ஃப்ளேக்ஸில்கூட நிறம் மணத்துக்கு இதைச் சேர்ப்பதுண்டு. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் குளூட்டன் உண்டு, எனவே "வீட் ஃப்ரீ" என்ற சொல் உங்களுக்குப் போதாது. பக்வீட் என்பதில் வீட் என்று இருந்தாலும் அது கோதுமை வகையே அல்ல, சுத்தமாக இருந்தால் சாப்பிடலாம். ஓட்ஸ் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு எளிதில் கலந்துவிடும் தானியம் அது. குளூட்டன் ஃப்ரீ என்று தனியாகச் சான்று பெற்ற ஓட்ஸையும் மருத்துவரைக் கேட்டு, குடல் ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

சோள கிராக்கர்ஸில் தேட வேண்டியது ஓர் எண். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி "குளூட்டன் ஃப்ரீ" என்று போட, ஒரு கிலோவில் 20 மி.கி.க்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தர அமைப்பின் அளவும் ஐரோப்பிய அளவும் இதுவே. அமெரிக்காவில் 20-க்குக் கீழே இருக்க வேண்டும். "லோ குளூட்டன்" என்று இருந்தால் கதை வேறு, அது 20 முதல் 100 மி.கி. வரை போகலாம். குழந்தைக்கு அது வேண்டாம்.

"இருக்கக்கூடும்" வரியைப் பற்றி: நம் 2020 லேபிள் விதிகள், குளூட்டன் உள்ள தானியத்தைப் பொருளாகச் சேர்த்திருந்தால் சொல்ல வேண்டும் என்பதோடு, தயாரிப்பிலோ சேமிப்பிலோ கலக்க வாய்ப்பிருந்தால் அதையும் சொல்லச் சொல்கின்றன. ஆனால் அந்த வரி அளவைச் சொல்வதில்லை. ஒரு பாக்கெட்டில் ஒன்றுமே இராது, இன்னொன்றில் கிலோவுக்கு 200 மி.கி. இருக்கும், இரண்டிலும் ஒரே வரிதான். அதனால் குளூட்டன் ஃப்ரீ என்ற உறுதி இல்லாத பாக்கெட்டில் அந்த வரி இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஆய்வகம்_கோவை

வளர்மதி மேடம் சொன்னதோடு கணக்கையும் சேர்க்கிறேன். எண்களைப் பார்த்தால் எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது என்பது தெளியும்.

20 மி.கி. என்பது கிலோவுக்கு. உங்கள் மகள் ஒரு நாளில் 30 கிராம் கிராக்கர்ஸ் சாப்பிட்டால், பாக்கெட் உச்சவரம்பையே தொட்டிருந்தாலும் உள்ளே போவது 0.6 மி.கி. இத்தாலியில் கார்லோ கட்டாஸி குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 50 மி.கி. குளூட்டன் 90 நாள் எடுத்தவர்களுக்குக் குடல் சுவர் பாதிக்கப்பட்டது. 10 மி.கி. எடுத்த குழுவில் அப்படித் தெளிவான பாதிப்பு தெரியவில்லை, ஆனால் அதிலும் ஒருவருக்கு அறிகுறிகள் திரும்பின. நாளுக்கு 10 மி.கி.க்குக் கீழே என்ற பொதுவான எல்லை இப்படி வந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த எல்லையை நெருங்கவிடாமல் இருப்பது நல்லது.

10 மி.கி. குளூட்டன் எவ்வளவு மைதாவில் இருக்கும் தெரியுமா? மைதாவில் குளூட்டன் தோராயமாக 8 முதல் 10 சதவீதம். அப்படியானால் 0.1 கிராமை ஒட்டிய மாவு போதும். இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை 0.3 கிராம் வரும். அதாவது ஒரு சிட்டிகை மைதா மூன்று நாள் எல்லையைத் தின்றுவிடும். ஆபத்து பெரும்பாலும் உலர்ந்த மாவில்தான் இருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

"இருக்கக்கூடும்" விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வரி இல்லாத பாக்கெட்டைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010-இல் அமெரிக்காவில் இயல்பாகவே குளூட்டன் இல்லாத 22 தானிய, மாவு, விதைப் பாக்கெட்டுகளைச் சோதித்ததில் 7-இல் 20 மி.கி.க்கு மேல் இருந்தது. இவை எதுவும் குளூட்டன் ஃப்ரீ என்று விற்கப்பட்டவை அல்ல. வரி இருக்கிறதா இல்லையா என்பதைவிட, யாராவது அளந்து பார்த்தார்களா என்பதே கேள்வி.

கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நான்கே விஷயம் கேளுங்கள். கோதுமை ஓடும் அதே லைனில்தான் இதையும் ஓட்டுகிறீர்களா? ஒவ்வொரு பேட்சையும் சோதிக்கிறீர்களா, வருடத்துக்கு ஒருமுறையா? சோதனை முறை என்ன, ஆர்5 எலிசாவா (குளூட்டனை அளக்கும் ஆய்வகச் சோதனை)? முடிவு "20-க்குக் கீழே"யா, "5-க்குக் கீழே"யா? ஒழுங்காகச் செய்கிறவர்கள் பேட்ச் எண்ணோடு பதில் தருவார்கள். "எங்கள் பொருள் நூறு சதவீதம் இயற்கையானது" என்று மட்டும் பதில் வந்தால் அந்த பாக்கெட்டை விட்டுவிடுங்கள்.

சோயா சாஸ் தூளில் இன்னொரு சிக்கல். புளிக்கவைக்கும்போது கோதுமைப் புரதம் துண்டுதுண்டாக உடைகிறது. வழக்கமான சாண்ட்விச் எலிசா முழுத்துண்டைப் பிடிக்கும், சின்னத் துண்டுகளைத் தவறவிடும். அதனால் "சோதித்ததில் இல்லை" என்ற அறிக்கையே பொய்யான நிம்மதி தரலாம். புளித்த பொருளுக்கு காம்பெட்டிட்டிவ் எலிசா என்று தனி முறை உண்டு. அமெரிக்காவிலும் 2020-இல் வந்த விதி, புளித்த உணவில் கடைசிப் பொருளைச் சோதிப்பதை நம்பாமல், புளிக்கும் முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாதது என்பதற்குப் பதிவேடு வைக்கச் சொல்கிறது.

வீட்டில் பார்க்கும் ஸ்ட்ரிப் கிட் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒரு பாக்கெட்டில் கலப்பு சீராகப் பரவியிருக்காது. பத்து பிஸ்கட்டில் ஒன்றில் மட்டும் மாவுத் துணுக்கு ஒட்டியிருக்கும், நீங்கள் சோதித்தது மற்ற ஒன்பதில் ஒன்றாக இருக்கும். சோதிப்பதானால் நாலைந்தை ஒன்றாகப் பொடித்துக் கலக்கி, அதிலிருந்து எடுங்கள். "இல்லை" என்று வந்தாலும் அது அந்தப் பொடிக்கு மட்டும்தான் பொருந்தும்.

அரவை_திண்டுக்கல்

தட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த அம்மா சொன்ன நாலு பொருளும் உண்மையாகவே இருக்கும். அந்த நாலும் எந்த வழியாக வந்தன என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் பெருங்காயம். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் ரொம்பக் காட்டம், நேராகக் கையாள முடியாது. அதனால் மாவும் அராபிக் கோந்தும் சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். பல பிராண்டுகளில் அந்த மாவு மைதா. தூள்தான் அப்படி, கட்டி அசல் என்று நினைப்பவர்கள் நிறைய. கட்டியிலும் இதே கலவை உண்டு. டப்பாவைத் திருப்பினால் பொருட்கள் வரிசையில் தெரியும்.

ஆய்வகம் சார் காட்டிய கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தட்டைக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் பெருங்காயம். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் 0.75 கிராம். குளூட்டன் 60 முதல் 75 மி.கி. கிலோவுக்கு 20 என்பது எல்லை. பெருங்காயம் ஒன்றே மூன்று மடங்குக்குக் குறையாமல் கொண்டுபோய்விடுகிறது. அதே டப்பாவிலிருந்து ரசத்துக்கும் சாம்பாருக்கும் ஒரு சிட்டிகை போடுகிறீர்கள் அல்லவா, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமரை, கிராக்கர்ஸை விடுங்கள், இன்றைக்கு முதல் வேலையாக உங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெருங்காய டப்பாவைப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயம் கிடைக்கிறது. கலப்பில்லாத பிசின் கிடைத்தால் கடுகளவு கிள்ளி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சேர்த்தால் ஒரு குழம்புக்குப் போதும்.

அடுத்து மாவு மில். கோதுமை ஓட்டின மெஷினில் அரிசியைப் போட்டால் முதலில் விழுவது கோதுமை மாவுதான். "ஒரு கை அரிசி போட்டு ஓட்டிவிட்டு அப்புறம் அரைக்கிறேன்" என்பார்கள். கல்லிடுக்கில் இருப்பது ஓரளவு வந்துவிடும், மாவு இறங்கும் துணியில் படிந்திருப்பது வராது, உதிர்ந்துகொண்டேயிருக்கும். இரண்டு கிலோ அரிசியோடு ஒரே ஒரு கிராம் கோதுமை மாவு சேர்ந்தாலும் 80 முதல் 100 மி.கி. குளூட்டன், கிலோவுக்கு 40-50. எல்லை தாண்டிவிட்டது. மில்லில் தங்குவது ஒரு கிராமோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. அரிசிக்கென்றே தனி மெஷின் வைத்திருக்கிற மில் என்றாலும், மேலே தொங்கும் தூசும் தரையிலிருந்து அள்ளும் முறமும் பொதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது எண்ணெய். சமோசாவும் மைதா பிஸ்கட்டும் பொரித்த சட்டியில் தட்டை போட்டால் உதிர்ந்த துணுக்கெல்லாம் இதில் ஒட்டும். கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துப்போகும் என்பது கிருமிக்குப் பொருந்தும், குளூட்டனுக்குப் பொருந்தாது. அது புரதம், எண்ணெய்ச் சூட்டில் அழியாது.

ஆகவே கடைத் தட்டை வேண்டாம். வீட்டில் செய்யுங்கள், ஒரு மாலை வேலைதான்:

பச்சரிசி அரைக் கிலோ. தட்டில் பரப்பிக் கோதுமை மணி ஏதும் இருக்கிறதா என்று பொறுக்கிவிட்டு, நன்றாகக் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். வெள்ளைத் துணியில் நிழலில் இருபது முதல் முப்பது நிமிடம் உலர்த்துங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. மிக்ஸியில் அரைத்து, புதுச் சல்லடையில் சலித்து, வெறும் சட்டியில் மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறி ஆறவிடுங்கள்.

இந்த மாவில் இரண்டு கப்புக்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு இரண்டு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அரை மணி ஊறிய கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள், உப்பு, கறிவேப்பிலை. வெண்ணெயை முதலில் மாவில் விரலால் தேய்த்துவிட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். எலுமிச்சையளவு உருட்டி, இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, முள்கரண்டியால் ஆறேழு இடத்தில் குத்துங்கள். குத்தாவிட்டால் பூரி மாதிரி உப்பி நடுவில் மெத்தென்று ஆகிவிடும். வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும், குறைந்தால் பல்லை உடைக்கும். மாவைச் சலிக்காமல் விட்டால் கட்டி தங்கி எண்ணெயில் வெடிக்கும், பக்கத்தில் நிற்காதீர்கள். புது எண்ணெயில் மிதமான தீயில் சலசலப்பு அடங்கும்வரை விட்டு எடுங்கள்.

பொட்டுக்கடலையும் உளுந்தும் பாக்கெட்டில் வாங்குங்கள். மளிகைக் கடையில் ரவை மூட்டைக்குள் போன அதே அள்ளுகரண்டி பருப்பு மூட்டைக்குள்ளும் போகும்.

வளர்மதி_உணவியல்

பெருங்காயத்தை நான் விட்டிருக்கக் கூடாது, எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

வீட்டுச் சமையலறையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் இரண்டு செட் வாங்கி வீட்டையே பிரிக்கத் தேவையில்லை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். தனியாக வேண்டியவை மாவு தங்கும் சாமான்கள்: சல்லடை, மரத்தாலான சப்பாத்திக் கட்டையும் குழவியும், மரக் கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக், இரும்புத் தோசைக்கல். தோசைக்கல்லில் எண்ணெய்ப் பசையோடு சப்பாத்தி மாவு கருகிப் படிந்திருக்கும், அதைத் தேய்த்து எடுப்பது கடினம். மகளுக்கென்று ஒரு தோசைக்கல் வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள்.

சானிட்டைசர் குளூட்டனை நீக்காது. கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும்.

டோஸ்டரைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 2020-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், பொது டோஸ்டரில் வைத்த குளூட்டன் ஃப்ரீ ரொட்டியில் 20 மி.கி.க்கு மேல் வரவில்லை. ஆனால் கோதுமை பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே குளூட்டன் ஃப்ரீ பாஸ்தாவை வேகவைத்தபோது எல்லை தாண்டியது. நம் வீட்டில் இதற்கு இணை, சேமியா கொதித்த தண்ணீரும் பூரி பொரித்த எண்ணெயும். கவலையை அங்கே செலவிடுங்கள்.

சப்பாத்தி போடும் நாளில் மகளின் சாப்பாட்டை முதலில் செய்து மூடி வையுங்கள். மாவு தூவும்போது காற்றில் எழுவது மெதுவாகத்தான் கீழே படியும். நெய், வெண்ணெய், ஜாம், ஊறுகாய் பாட்டில் அவளுக்குத் தனி. சப்பாத்தியைத் தொட்ட கரண்டி திரும்ப உள்ளே போவதுதான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு.

வயிற்றுவலி வரவில்லை, அதனால் ஒத்துக்கொள்கிறது என்று எந்த பிராண்டையும் முடிவு செய்யாதீர்கள். அறிகுறியே இல்லாமலும் குடல் பாதிக்கப்படலாம். சீலியாக் நோயில் ஏறும் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனையை ஆறாம் மாதமும் பிறகு ஒரு வருடத்திலும் மருத்துவர் பார்க்கச் சொல்வார். எண் இறங்கிக்கொண்டே வந்தால் வழி சரி. இறங்காமல் நின்றால் பெருங்காயம், மிளகாய்த்தூள் அரைக்கும் மில், மாத்திரை, சிரப் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

தாமரை_மதுரை

மூவருக்கும் நன்றி. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டாவது பொருளே சுத்திகரித்த கோதுமை மாவு. மூன்று வாரமாக தினம் ரசத்தில் போட்டிருக்கிறோம். ராகி கிராக்கர்ஸில் முதல் பொருள் கோதுமை மாவு. சோள கிராக்கர்ஸில் 20 மி.கி.க்குக் கீழே என்று எண் போட்டிருக்கிறது, ஓட்ஸ் இல்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு நாலு கேள்வியும் அனுப்பிவிட்டேன். தட்டையை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

ஒன்றே ஒன்று. இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டரில் தீபாவளிக்கு அல்வாவுக்காகக் கோதுமை ஊறவைத்துப் பால் எடுத்தோம். கிரைண்டரையே மாற்ற வேண்டுமா?

அரவை_திண்டுக்கல்

மாற்ற வேண்டாம் தாமரை. கல் மரம் மாதிரி உறிஞ்சாது. ஒளிந்திருக்கும் இடம் குழவிகளைத் தாங்கும் அச்சும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையமும், மாவு வழிக்கும் தகடும்தான். எல்லாவற்றையும் கழற்றி வெந்நீரில் அரை மணி ஊறப்போட்டு, புதுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கில் தேயுங்கள். கோதுமைப் பசை காய்ந்திருந்தால் மஞ்சளாக மெழுகுபோல் வரும், அது நிற்கும்வரை விடாதீர்கள். மாவு வழிக்கும் தகட்டில் ரப்பர் விளிம்பு இருந்தால் அதை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிறகு கால் கிலோ ஊறிய அரிசியைத் தண்ணீர் தாராளமாக விட்டுப் பத்து நிமிடம் ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டு, இன்னொருமுறை கழுவி அரைக்கத் தொடங்குங்கள். அல்வாவுக்குக் கோதுமை ஊறவைத்தால் இனி மிக்ஸியில், அவளுக்கு அரைக்காத தனி ஜாரில்.

தட்டைக்கு அரிசி அரைக்கப் போகும் மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் ஒருமுறை இதே பிரஷ்ஷை விட்டுப் பாருங்கள், அங்கேயும் மாவு இறுகி நிற்கும்.